மேட்டில் கார், பள்ளத்தில் பம்ப்

கண்டியின் அனிவத்தையிலோ ஹந்தானைப் பக்கமோ வீடு தேடிப்போய் வாகனம் கழுவுகிறவருக்கு அழுக்கை விட ஏற்றம்தான் பெரிய தொல்லை. தண்ணீர்த் தாங்கியைச் சுமந்து வந்த வேன் வீதியோரத்தில் நிற்கும். கழுவவேண்டிய கார், செங்குத்தான கொங்கிரீட் பாதைக்கு மேலே, வீட்டு வாசலில் நிற்கும். இரண்டுக்கும் இடையில் மூன்று மாடி உயரம். சவர்க்காரக் கரைசல் அந்த உயரத்தைக் குழாய் வழியே ஏறிப் போய்த்தான் நுரையாகக் காரில் விழவேண்டும்.

தண்ணீரை 10 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 1 பார் அழுத்தம் செலவாகும். கடையில் வாங்கும் பம்ப் 4 பார் தரக்கூடியது என்றால், காரை எட்டும் முன்பே அதில் கால்வாசி போய்விடும். நீளமான, ஒடுக்கமான குழாயின் உராய்வு இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மட்டமான தரையில் பொங்கி வழிந்த நுரை, கண்டி மேட்டில் வெறும் சவர்க்காரத் தண்ணீராக ஒழுகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எந்த இடத்தில் வேலை செய்யப்போகிறது என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு ஒரு பின்னணி உண்டு. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் கட்டுப்படுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எகிறியது. இருக்கிற காரின் பெயின்டைக் காப்பாற்றுவது பணத்தைக் காப்பாற்றுவதாக ஆனது. வீட்டுக்கே வந்து பதமாகக் கழுவித் தருகிறவருக்கு மதிப்புக் கூடியதில் வியப்பில்லை. அதிக முதலில்லாத இளைஞர்கள் ஒரு பழைய வேனையோ முச்சக்கர வண்டியையோ வைத்துக்கொண்டு இறங்கக்கூடிய தொழில் இது. அவர்களுக்குத் தவறான பம்ப் ஒன்று சிறிய நட்டமல்ல.

முதலில், நுரை எதற்கு என்று தெளிவாகிவிட வேண்டும். மழைக்குப் பின் கண்டி வீதிகளில் ஓடிய காரின் அடிப்பக்கத்தில் செம்மண் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் துகள், காரின் மேற்பூச்சை விடக் கடினமானது. அப்படியே துணி வைத்துத் தேய்த்தால் துகள் பெயின்டில் கோடு கிழிக்கும். வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் அப்படி வந்தவைதான். கை படுவதற்கு முன்பே சேற்றை ஊறவைத்து, இளக்கி, கீழே வழியவிடுவதுதான் நுரையின் வேலை. அதற்குக் கார் முழுதும் சீராகப் பரவி இரண்டு மூன்று நிமிடம் காயாமல் நிற்கும் மெல்லிய போர்வை போதும். பனிமலை போலக் குவியும் நுரை பார்க்க அழகு, படம் பிடிக்கவும் அழகு. அழுக்கு நீங்குவதற்கு அந்தத் தடிப்பு தேவையில்லை.

இந்த வேலைக்கு இன்று கிடைக்கும் கருவிகளில் எளியது, கையால் காற்று அடித்து நிரப்பும் 2 லீற்றர் நுரைப் போத்தல். மின்சாரம் வேண்டாம், பெட்டரி வேண்டாம், எந்தப் படிக்கட்டிலும் கையோடு ஏறிவிடும். ஆனால் கரைசல் குறையக் குறைய உள்ளே காற்றுக்கு இடம் கூடி அழுத்தம் இறங்கும். பாதிப் போத்தலுக்குப் பிறகு நுரை தண்ணீராகத் தொடங்கும், திரும்பவும் பம்ப் பண்ண வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கார் கழுவுகிறவருக்கு இது தாராளம். எட்டுப் பத்து என்று போகும்போது தோள் சொல்லிவிடும்.

மலையகத்தில் எல்லோருக்கும் பழக்கமான இன்னொன்று, தோட்டங்களிலும் மரக்கறித் தோட்டக்காரரிடமும் இருக்கும் 16 லீற்றர் மருந்தடிக்கும் டேங்க். முதுகில் மாட்டிக்கொண்டு எந்த மேட்டிலும் ஏறலாம் என்பது பெரிய வசதி. பெட்டரியில் ஓடும் வகையும் உண்டு. அதன் முனையைக் கழற்றி நுரை முனை பூட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: புல்லுக்கு மருந்தடித்த பழைய டேங்கை இதற்கு எடுக்கக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கிலும் குழாயிலும் மருந்தின் மிச்சம் தங்கும். அது அடிக்கிறவரின் தோலிலும் வாடிக்கையாளரின் முற்றத்துப் பூச்செடியிலும் போய்ச் சேரும். புதிதாக வாங்கி, சவர்க்காரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவதே சரி.

சேர்விஸ் ஸ்டேஷன்களில் காணும் காற்றழுத்த நுரை உருளை வேறு வகை. கொம்பிரசரிலிருந்து வரும் காற்று உருளைக்குள் அழுத்தம் ஏற்றி, கரைசலோடு கலந்து கெட்டி நுரையாக வெளியே தள்ளும். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கடைக்கு அது நல்ல கருவி. ஓடும் வேனில் கொம்பிரசரையும் சுமந்து, காற்று நிறைந்த உருளையையும் வைத்துக்கொண்டு கடுகண்ணாவை வளைவுகளில் ஏறி இறங்குவது வேண்டாத சுமை, வேண்டாத ஆபத்து. காற்றை முழுதாக வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால் அது முகத்தில் அடிக்கும்.

பலரும் ஆசைப்படுவது உயர் அழுத்தக் கழுவும் இயந்திரத்தில் நுரைத் துப்பாக்கி மாட்டுவது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் கேர்ஷர் 1950இல் ஐரோப்பாவின் முதல் உயர் அழுத்தச் சுடுநீர்க் கழுவியைக் கொண்டுவந்தார். வீடு வரை வந்துவிட்ட இன்றைய சிறிய இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை. துப்பாக்கிக்குள் ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றே பெரிய துவாரம் வழியே தண்ணீர் பாயும்போது, அந்த வேகமே பக்கத்துப் போத்தலிலிருந்து ஷாம்பூவை உறிஞ்சி எடுக்கும். பின்னால் உள்ள கம்பி வலையில் காற்றோடு மோதி அது நுரையாகும். நுரையின் தரம் அருமை, மறுக்க முடியாது.

சிக்கல் மின்சாரத்தில். இந்த இயந்திரங்கள் சாதாரணமாக 1,400 முதல் 1,800 வொட் வரை கேட்கும். கண்டியின் பழைய வீடுகளில் வாசலோரம் இருப்பது பெரும்பாலும் வட்டக் கால் கொண்ட 5 அம்பியர் பிளக். 230 வோல்டில் அது தரக்கூடியது 1,150 வொட் மட்டுமே. பொருத்தினால் பியூஸ் போகும், இல்லையென்றால் வயர் சூடாகும். ஜெனரேட்டர் கொண்டு போகலாம் என்றால், 2 கேவிஏ என்று எழுதிய சிறிய ஜெனரேட்டர் நடைமுறையில் 1,600 வொட் அளவில் நின்றுவிடும். அதன் சத்தத்தை அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஈரத் தரையில் 230 வோல்ட் வயரை இழுப்பதும் சாதாரண விஷயமல்ல. ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் யாருடைய வீட்டிலும் பிளக்கைக் குத்தக்கூடாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், கண்டி போன்ற ஊரில் வேனிலோ முச்சக்கர வண்டியிலோ தொழில் செய்கிறவருக்குப் பொருந்துவது 12 வோல்டில் ஓடும் டயஃபிரம் பம்ப்தான். உள்ளே ரப்பர்த் தகடு முன்னும் பின்னும் அசைந்து கரைசலை உறிஞ்சித் தள்ளும். தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், தாங்கி காலியாகிக் கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடினாலும் உடனே கெடாது. நிமிடத்துக்கு 4, 5 லீற்றர், 4 முதல் 7 பார் வரை அழுத்தம் என்ற அளவில் கிடைக்கும். பெட்டியில் 100 பிஎஸ்ஐ என்று இருந்தால் அது ஏறத்தாழ 7 பார். ஆனால் பெட்டியில் எழுதிய உச்ச அழுத்தமும் உச்ச அளவும் ஒரே நேரத்தில் கிடைப்பவையல்ல: குழாய் முற்றாக மூடியிருக்கும்போது அழுத்தம் உச்சம், முற்றாகத் திறந்திருக்கும்போது தண்ணீர் உச்சம். மேட்டு வீடுகள் அதிகமுள்ளவர் லீற்றர் கணக்கை விட்டு, அழுத்தம் கூடியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டரி விஷயத்தில் தேவைக்கு மேல் செலவழிப்பவர்களே அதிகம். பம்ப் 5 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காருக்கு நுரை அடிக்க ஒன்றரை நிமிடம். பத்துக் காருக்கு 15 நிமிடம், செலவு 1.25 அம்பியர் மணி. சிறிய 7 அம்பியர் மணி பெட்டரியே இதற்குப் போதும். அதே பம்பால் தண்ணீரும் அடித்துக் கழுவுவதாக இருந்தால் கணக்கு மாறும். காருக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு எட்டு அம்பியர் மணிக்கு மேல் போகும். ஈய அமிலப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும் என்பதால் 20 அம்பியர் மணி வேண்டும். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பெட்டரியிலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. மாலையில் ஏதோ ஒரு மேட்டு வீட்டு வாசலில் வண்டி கிளம்பாமல் நிற்கும்.

வயரின் தடிப்பையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 மீற்றர் தூரம் இழுத்தால், போகவர 10 மீற்றருக்குள் ஒரு வோல்டுக்கு மேல் தொலைந்துபோகும். பம்ப் முனகும், அழுத்தம் இறங்கும், பழி பம்பின் மேல் விழும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு மூன்றில் ஒன்றுக்குக் குறையும். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 10 அம்பியர் பியூஸும் வேண்டும்.

சவர்க்காரம் பம்புக்கு நண்பனல்ல. வேலை முடிந்து அப்படியே விட்ட பம்பின் தலையைக் கழற்றிப் பார்த்தால், சிறிய வால்வு ரப்பர்களின் ஓரத்தில் பால் ஆடை போல ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருக்கும். அடுத்த நாள் வால்வு முழுதாக மூடாது, பம்ப் ஓடும், நுரை வராது. ஒவ்வொரு மாலையும் இரண்டு லீற்றர் நல்ல தண்ணீரை அதன் வழியே ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு வலை வடிகட்டியும் கட்டாயம். உள்ளிருக்கும் ரப்பரின் வகையையும் கேட்டு வாங்க வேண்டும்: காரத்தன்மை கூடிய கழுவுதிரவத்துக்கு ஈபிடிஎம் பொருந்தும், எண்ணெயும் அமிலமும் கலந்ததற்கு விட்டன் பொருந்தும். நடுநிலையான கார் ஷாம்பூ மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இரண்டுமே பிரச்சினை தராது.

எவ்வளவு ஷாம்பூ என்பது தண்ணீரைப் பொறுத்தது. கண்டி நகரக் குழாய்களில் வருவது பெரும்பாலும் மகாவலித் தண்ணீர். மென்மையானது, கொஞ்சத்துக்கே நன்றாக நுரைக்கும். டொலமைட் பாறையுள்ள திகன பக்கத்துக் கிணற்று நீரில் கடினத்தன்மை கூடுதல். அங்கே அதே அளவு ஷாம்பூ அவ்வளவு நுரை தராது, காய்ந்த பின் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியும் விழும். நகரத்திலேயே தாங்கியை நிரப்பிக்கொண்டு திகனவுக்குப் போவது புத்திசாலித்தனம். 200 லீற்றர் என்பது 200 கிலோ என்பதும் நினைவில் இருக்கட்டும். பாதி நிரம்பிய தாங்கி வளைவில் அலைமோதும், தடுப்புத் தகடு உள்ள தாங்கி அதைத் தணிக்கும்.

கழுவிய நுரை எங்கே போகிறது என்பதைத் தொழில் செய்கிறவர் விட்டுவிட முடியாது. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்ற ஓடை நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு கெட்டம்பே பக்கம் மகாவலியில் சேர்கிறது. அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில்தான் கண்டி மக்களுக்கான குடிநீரும் அதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொருவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்திருக்கிறது. என்றாலும் வீதியோர மழைநீர்க் கானில் விழும் நுரை அங்கே போவதில்லை, நேரே ஓடைக்குத்தான் போகும். வாகன சேர்விஸ் ஸ்டேஷன்களுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். வேனோடு போகிறவரும் சுற்றாடலைக் காக்கும் பொறுப்பிலிருந்து தப்பியவர் அல்ல. காருக்கு 3 லீற்றர் கரைசலில் வேலையை முடிக்கும் சிறிய பம்ப் இந்த வகையிலும் மேலானது; நுரைத் துப்பாக்கி ஒன்றரை நிமிடத்தில் அதைப் போல மூன்று மடங்கைக் கொட்டிவிடும். காரைக் கானுக்கு மேலே நிறுத்தாமல் புல்லோ சரளையோ உள்ள பக்கம் நிறுத்தினால், மண் பெரும்பகுதியை வடித்துக்கொள்ளும். எஞ்சின் எண்ணெய் கசியும் வாகனத்தை அப்படிக் கழுவாமல் சேர்விஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

வாங்கும் நாளில் ஒரு சோதனை போதும். கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீரும் பெட்டரியும் கேட்டு, பம்பைக் கீழே வைத்து, தொழிலுக்குப் போடப்போகும் அதே நீளக் குழாயை மேல்மாடி வரை எடுத்துச்செல்ல வேண்டும். முனையைத் திறந்து பிடிக்கும்போது பம்பின் அழுத்த சுவிட்ச் டக் டக் என்று விட்டுவிட்டு அடித்தால் முனையின் துவாரம் அந்தப் பம்புக்குச் சிறியது. சீராக ஓடி, விசிறி போல விரிந்து தெளித்தால் பொருத்தம் சரி. பிறகு டயஃபிரமும் வால்வும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கிடைக்காது என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.