ஏழு புள்ளி வளையம்

மடிக்கணினியில் இசை மென்பொருளைத் திறந்து புதிதாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கினால், மேல்பட்டையில் பெரும்பாலும் இரண்டு குறிப்புகள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும்: டெம்போ 120, தாளம் 4/4. நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடிக்கு ஒரு சுற்று. ஒரு சுற்று ஓட 2 விநாடி. வீட்டில் இசை அமைப்பவர்களில் பலர் டெம்போவை மாற்றுவார்கள். அந்த நான்கை மட்டும் தொடமாட்டார்கள். கிக், ஸ்நேர், ஹை-ஹாட் என்ற டிரம் ஒலிகள் எல்லாம் அதற்குள்ளேயே குடியேறிவிடும். அந்த ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பதைப் போன்ற மலிவான அறிவியல் சோதனை வேறில்லை. ஹெட்ஃபோன் ஒன்று போதும்.

4/4-ஐ 7/8 ஆக்கினேன். டெம்போ அதே 120. இப்போது சுற்றில் இருப்பவை ஏழு அரையடிக் கட்டங்கள் என்பதால், அதன் நீளம் 1.75 விநாடியாகக் குறைந்தது. முதல் கட்டத்தில் மட்டும் கிக் வைத்து, ஏழு கட்டத்திலும் ஹை-ஹாட் போட்டு ஓடவிட்டேன். எட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்று குறைந்ததுபோல, ஒவ்வொரு சுற்றும் வாசற்படியில் இடறியது. பிறகு லூப்பை நிறுத்திவிட்டு, மேசையில் தட்டியபடி வாயால் சொல்லிப் பார்த்தேன்: தகிட தகதிமி, தகிட தகதிமி. தகதிமியை ‘தக’, ‘திமி’ என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கிக் வைத்தேன். 1, 4, 6. அவ்வளவுதான். இடறிக்கொண்டிருந்த அதே ஏழு நடக்கத் தொடங்கியது.

மாறியது எண் அல்ல, பிரிப்பு. காது ஏழு வரை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தாளத்தின் உயிர் கூட்டுத்தொகையில் இல்லை. அந்தத் தொகை எப்படி உடைகிறது என்பதில் இருக்கிறது.

சரி, ஏழை எப்படி உடைத்தால் நன்றாக இருக்கும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. பந்தியில் லட்டு பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு கட்டத்தில் 3 அடி வைக்கவேண்டும். மிச்சம் 4 கட்டம் வெற்று. மூன்று அடிக்கும் ஆளுக்கொரு வெற்றுக் கட்டம் கொடுங்கள். ஒன்று மிஞ்சும், அதை யாராவது ஒருவருக்குக் கொடுங்கள். கிடைப்பது 2, 2, 3. எட்டுக் கட்டத்தில் 3 அடி என்றால் வெற்று 5. ஆளுக்கொன்று கொடுத்தபின் மிஞ்சும் இரண்டை இரண்டு பேருக்குக் கொடுத்தால் 3, 3, 2. கியூபா நாட்டு இசையின் முதுகெலும்பான ‘ட்ரெஸீயோ’ இதுவே. ஒன்பதில் 4 அடி வைத்தால் 2, 2, 2, 3. ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக் 1958-இல் இஸ்தான்புல் தெருவில் கேட்டு வியந்து, 1959-இல் ‘ப்ளூ ராண்டோ அ லா டர்க்’ ஆக்கிய தாளம் அது. ஐந்தில் 2 அடி வைத்தால் 2, 3: நம் கண்ட சாபு.

நியூட்ரான் ஆய்வு இயந்திரம் ஒன்றில் துடிப்புகளை இயன்றவரை சீரான இடைவெளியில் பரப்புவதற்காக பியோர்க்லண்ட் என்பவர் இதே பங்கீட்டு முறையை வகுத்தார். அதன் உள்கணக்கும், மீப்பெரு பொதுக் காரணி காண கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிவைத்த வழிமுறையும் ஒன்றே என்று 2005-இல் எடுத்துக்காட்டினார் கனடாவின் கணினி அறிவியலாளர் காட்ஃப்ரீட் டூசான். உலகின் பல மரபுத் தாளங்கள் இந்த ஒரே கணக்கிலிருந்து வருவதையும் அவர் பட்டியலிட்டார். இன்று பல இசை மென்பொருள்களில் ‘யூக்ளிடியன்’ என்ற பெயரிலேயே இந்த வசதி கிடைக்கிறது.

என்னை நெடுநேரம் உட்காரவைத்தது அந்த ஏழுதான். 2, 2, 3 என்பது பல்கேரியாவின் ‘ராச்செனிட்சா’ நடனத் தாளம். நம் மிஸ்ர சாபுவின் வழக்கமான பிரிப்பு 3, 2, 2. இரண்டும் வேறு வேறு என்றுதான் காது சொல்லும். ஆனால் ஒரு தாளில் வட்டம் போட்டு ஏழு புள்ளி வையுங்கள். 1, 4, 6 ஆகியவற்றைக் கறுப்பாக்குங்கள். 1-இல் தொடங்கிச் சுற்றினால் மிஸ்ர சாபு. 4-இல் தொடங்கிச் சுற்றினால் ராச்செனிட்சா. ஒரே வளையம், இரண்டு வாசல்கள். மென்பொருளில் லூப்பின் தொடக்கத்தை நான்காம் கட்டத்துக்கு இழுத்துவிட்டால், எங்கோ ஒரு மலைநாட்டுத் திருவிழா கேட்கும்.

இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று சுழலவிட்டாலோ, இன்னொரு பள்ளிக்கூடக் கணக்கு வெளியே வரும். கிக் 4 கட்ட லூப், ஹை-ஹாட் 5 கட்ட லூப். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, விலகி விலகிப் போய், 20 கட்டம் கழித்தே மறுபடி கைகோக்கும். நான்குக்கும் ஐந்துக்கும் மீச்சிறு பொது மடங்கு 20. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும்போது, கோர்வை எங்கெங்கோ அலைந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழ, அரங்கமே நிமிர்ந்து உட்காருமே, அந்தச் சிலிர்ப்புக்குப் பின்னால் இருப்பதும் இவ்வகைக் கணக்குதான்.

ஏழு, ஒன்பது போன்ற தாளங்கள் சிலருக்கு இயல்பாகவும் சிலருக்கு முள்ளாகவும் இருப்பது ஏன்? உளவியலாளர்கள் எரின் ஹன்னனும் சாண்ட்ரா ட்ரஹபும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு வழிகாட்டுகின்றன. சீரான தாளத்திலும், பால்கன் நாடுகளின் 2, 2, 3 போன்ற தாளத்திலும் மெட்டுகளைக் கேட்கவைத்து, இடையில் பிரிப்பைக் குலைத்தார்கள். பல்கேரிய, மாசிடோனியப் பெரியவர்கள் இரண்டிலும் பிசகைக் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்கப் பெரியவர்கள் சீரான தாளத்தில் மட்டும் கண்டுபிடித்தார்கள். ஆனால் வட அமெரிக்காவில் பிறந்த 6 மாதக் குழந்தைகள் இரண்டு பிசகுகளையும் உணர்ந்தன! 12 மாதம் ஆவதற்குள் குழந்தைகளின் காதும் ஊர்க்காதாகிவிடுகிறது. அந்த 12 மாத வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வீட்டில் பால்கன் இசையைப் போட்டுக் காட்டியபோது திறன் திரும்பியது. அப்படியே கேட்ட பெரியவர்களிடம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

ஆக, பலவகைத் தாளங்களுக்கும் திறந்த காதோடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறோம். வளரும் ஊர் சில கதவுகளை மெல்லச் சாத்துகிறது. எந்நேரமும் நான்கு நான்காகவே கேட்டுக்கொண்டிருந்தால் நம் வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். பெரியவர்களுக்கு வெறுமனே கேட்பது போதாது. வாயும் கையும் சேரவேண்டும் என்பதே என் அனுபவம். நம்மிடம் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. மிருதங்கம் பயிலும் பிள்ளை, தோலில் விரல் வைக்கும்போதே வாயால் பழகும் பாடம் இது.

இன்றிரவு ப்ராஜெக்டைத் திறந்ததும் கட்டங்களில் உடனே அடி வைக்காதீர்கள். 4/4-ஐ 7/8 ஆக்குங்கள். ‘தகிட தகதிமி’யை உதடு தயங்காமல் சொல்லும்வரை தொடையில் தட்டுங்கள். பிறகு 1, 4, 6-இல் கிக் வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒலியை மெதுவாக வைத்து, அதையும் கேட்கவிடுங்கள்.