"எந்த ஊர் தம்பி?": வடகொழும்பில் அறை தேடும் வன்னியாருக்கு

வன்னியிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கொழும்பு வரும் எல்லோராலும் வெள்ளவத்தையில் அறை எடுக்க முடிவதில்லை. குறைந்த வாடகை தேடினால் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி என்று வடகொழும்புக்குத்தான் வந்து சேரவேண்டும். நான் முகத்துவாரத்துக்கு வந்ததும் அப்படித்தான். ஊரில் சொன்னபோது, "அது சண்டியன்மார் இருக்கிற இடமெல்லோ?" என்று பெரியம்மா பதறினார். முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பிய மனுசி அவர்.

அந்தப் பெயர் முழுக்கப் பொய்யில்லை. போதைப்பொருள் உண்டு, கோஷ்டிப் பகை உண்டு, துப்பாக்கிச்சூடும் நடந்திருக்கிறது. ஆனால், நான் பார்த்தவரை அந்தப் பகை ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள்ளேயேதான் சுற்றுகிறது. புதிதாக வருபவருக்குக் கடினமாக இருப்பது வேறொன்று: எல்லோரும் அவரைக் கவனிப்பார்கள்.

இங்கே தோட்டம் என்றால் மரஞ்செடி இல்லை. சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர், ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கும் ஒழுங்கை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்து இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கறிக்கு என்ன தாளிக்கிறார்கள் என்பதுகூட இரகசியமில்லை. அப்படியிருக்க, புதிதாக வந்தவனிடம் "எந்த ஊர் தம்பி? யார் வந்து போறது? இரவு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்காமல் விடுவார்களா?

எங்களுக்கு இந்தக் கேள்விகள் வேறு மாதிரிக் கேட்கும். 2009இற்குப் பிறகு முகாமிலும் சோதனைச் சாவடியிலும் சீருடைக்காரர்கள் கேட்டதும் இவற்றைத்தான். நான் முதல் இரண்டு மாதமும் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா விடவில்லை, கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு ஒருநாள் இரவு, ஒழுங்கை முகப்பில் முன்பின் தெரியாத இரண்டு பேர் என்னை மறித்தார்கள். கரம் விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் தலையை நிமிர்த்தாமலே சிங்களத்தில் "நம்ம ஆள்தான்" என்றான். வழிவிட்டார்கள். அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவுக்குச் சொன்ன பதில்கள் அவன்வரை போயிருந்தன.

அயலவர் கேட்பது வாயோடு நிற்கும். பொலிஸார் கேட்பது கடதாசியில் ஏறும். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட எல்லைக்குள் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்கலாம். குடும்பத்தவர் யார், மற்றவர் யார் என்று பிரித்துக் காட்டவேண்டும். அந்நியரைத் தங்கவைத்தால் அறிவிக்கவேண்டும். பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரின் தலையில். முல்லைத்தீவு முகவரியுள்ள அடையாள அட்டையைக் கண்டதும் பலர் "அறை கொடுத்தாச்சு தம்பி" என்பதற்கு எங்கள் மேலுள்ள வெறுப்புத்தான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். பலருக்கு அது பொலிஸ் நிலையத்துக்கு அலைய வேண்டிவருமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். கொட்டாஞ்சேனையில் அதை நேரில் கண்டவர்கள் இன்றும் வீடு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' தேடுதல் தொடங்கியபோதும் அதிகம் சுற்றிவளைக்கப்பட்டவை இத்தகைய ஏழைக் குடியிருப்புகள்தான். முகவரியைச் சொன்னாலே பையைத் திறக்கச் சொல்வது இங்கு பிறந்து வளர்ந்த சிங்களப் பையனுக்கும் நடக்கிறது. இதில் மட்டும் நாங்கள் தனியாள் இல்லை.

ஆகவே, வந்த கையோடு கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிவது நல்லது. இதற்கும் வீட்டுக்காரர் தயங்குவார். வாடகைக்காரரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறினால் பிறகு எழுப்ப முடியாது என்ற பேச்சு இங்கே பரவலாக இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் கையில் ஒரு சான்று. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வாக்காளர் பதிவுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.

படிவத்தோடு பொலிஸார் வந்தால், எந்த நிலையம், எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். நிரப்பிய படிவத்தைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். கேள்விகள் எல்லை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. எங்கள் ஒழுங்கையில் அந்த இலக்கம் கடைச் சுவரில், தண்ணீர்ச் சபை இலக்கத்துக்குக் கீழே, கரியால் எழுதியிருக்கிறது.