ஒரு சுற்று என்றால் எவ்வளவு?

எங்கள் ஊர்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட பிள்ளைகள் இப்போது ஏராளம். கலியாணம் முடித்து இரண்டு மூன்று வருஷமாகியும் "விசேஷம்" ஒன்றும் இல்லையென்றால், வைத்தியம் அங்கே நடந்தாலும் ஆலோசனை இங்கிருந்துதான் போகிறது. "அரசாங்கம் மூணு தரம் சும்மா செஞ்சு தருமாமே, அதை எடுங்களன்" என்பார் மாமி. "முதல்ல காசு கட்டிச் செஞ்சு பார்ப்பம், இலவசம் எங்கயும் ஓடிப் போகாது" என்பார் மச்சான். இருவரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சிலும் ஒரு சொல் விளங்கப்படாமலே கிடக்கிறது. அந்தச் சொல் "சுற்று". அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரியாமல் எடுக்கும் முடிவால், திரும்பக் கிடைக்காத ஒரு வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

உடலுக்கு வெளியே கருக்கட்டும் இம்முறையில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன். 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். அதற்கு வழி கண்ட விஞ்ஞானி ரொபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐ.வி.எஃப். என்று சொல்வது இதைத்தான். மனைவிக்கு ஊசி மருந்து கொடுத்துச் சூலகத்தைத் தூண்டுவார்கள். முதிர்ந்த சூல்களை வெளியே எடுப்பார்கள். கணவனின் விந்தோடு சேர்த்து ஆய்வுகூடத்தில் கருக்கட்டச் செய்வார்கள். உருவாகும் முளையத்தை இரண்டு முதல் ஐந்து நாள் வரையில் வளர்த்துக் கருப்பையில் வைப்பார்கள். மிஞ்சும் நல்ல முளையங்களை உறையவைத்துப் பாதுகாப்பார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். என்.எச்.எஸ். என்னும் தேசிய சுகாதார சேவைக்கு வழிகாட்டும் "நைஸ்" நிறுவனம் 2013இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. இரண்டு வருஷம் முயன்றும் கருத்தரிக்காத, 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று "முழுச் சுற்று" வழங்கலாம் என்றது. 40 முதல் 42 வயது வரையானவருக்கு ஒரேயொரு முழுச் சுற்று. அதுவும் அவர் முன்பு ஐ.வி.எஃப். செய்திருக்கக் கூடாது, சூலகத்தின் இருப்புக் குறைந்திருக்கக் கூடாது.

மாமி சொன்ன "மூணு தரம்" இங்கிருந்துதான் வந்தது. ஆனால் இது சிபாரிசு, சட்டமல்ல. இங்கிலாந்தில் பணப்பையை வைத்திருப்பவை அந்தந்தப் பிரதேசத்துக்கான பராமரிப்புச் சபைகள். 2022 ஜூலையில் இவை நிறுவப்பட்டபோது மொத்தம் 42. எத்தனை சுற்றுக்குக் காசு கொடுப்பது என்பதை ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கிறது. பெரும்பாலானவை ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்கொட்லாந்தில் மூன்று, வேல்ஸில் இரண்டு என்பது வேறு கணக்கு. ஆகவே "லண்டன்ல இருக்கிற என்ட கூட்டாளிக்குக் கிடைச்சது" என்ற பேச்சு பேர்மிங்ஹாமில் இருப்பவருக்கு உதவாது. தங்கள் சபையின் விதியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். குடும்ப வைத்தியரிடமே கேட்கலாம்.

சரி, ஒரு முழுச் சுற்று என்றால் எவ்வளவு? ஒரு தடவை சூலகத்தைத் தூண்டுவதும், அதில் கிடைத்த எல்லா நல்ல முளையங்களையும், புதியதாக இருந்தாலும் உறையவைத்ததாக இருந்தாலும், ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதும் சேர்ந்ததே ஒரு முழுச் சுற்று. உதாரணமாக, பத்துச் சூல் எடுத்து, நான்கு நல்ல முளையம் கிடைத்தது என்று வைப்போம். ஒன்றை இப்போது வைத்தார்கள், நிற்கவில்லை. மற்ற மூன்றையும் பின்னர் வைத்தார்கள். ஆக நான்கு தடவை வைத்தாயிற்று. கணக்கில் அது ஒரு சுற்றுத்தான். உறைந்தவை இருக்கும்வரை அடுத்த சுற்றுத் தொடங்காது. சூல் எடுப்பதற்கு முன்பே சிகிச்சையை நிறுத்திவிட்டால், நைஸின் வரைவிலக்கணப்படி அது இரத்தான சுற்று.

எல்லாச் சபைகளும் இப்படி எண்ணுவதில்லை. சிலவற்றில் புதிய முளையம் ஒரு தடவை, உறைந்தது ஒரு தடவை, அத்தோடு சுற்று முடிந்தது. பேப்பரில் இரண்டு இடத்திலும் "ஒரு சுற்று" என்றே இருக்கும். ஒருவருக்கு அது நான்கு வாய்ப்பு, இன்னொருவருக்கு இரண்டு. "எத்தனை சுற்று?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "ஒரு சுற்றுக்குள் எத்தனை தடவை வைப்பீர்கள்?" என்பதே மீதி.

மச்சானின் யோசனையில் ஆபத்து இருப்பது இங்கேதான். நைஸ் வழிகாட்டலின்படி, சொந்தக் காசில் செய்த சுற்றும் மொத்த எண்ணிக்கையில் சேரும். ஒரே சுற்றுத் தரும் பிரதேசத்தில், 5,000 பவுண் அல்லது அதற்கு மேலும் கட்டித் தனியாரிடம் ஒன்றைச் செய்தபின் போனால், "உங்கள் கணக்கு முடிந்தது" என்ற பதில் வர இடமுண்டு. 40ஐத் தாண்டியவருக்கு நிலைமை இன்னும் கடுமை. முன்பு ஐ.வி.எஃப். செய்ததே தடையாகிவிடும். பொதுவாக, தகுதி இருக்குமானால் அரச சுற்றை முதலில் எடுப்பதே புத்தி. காத்திருப்பு மிக நீண்டு, வயது எல்லை நெருங்கினால் மட்டும் கணக்கு மாறலாம். அதையும் விதியை வாசித்த பிறகே தீர்மானிக்க வேண்டும்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? தன் சொந்தச் சூலைப் பயன்படுத்தும் 35 வயதுக்குக் குறைந்தவருக்கு, வைக்கப்படும் ஒவ்வொரு முளையத்துக்கும் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 43 வயதைத் தாண்டினால் அது இருபதில் ஒன்றளவுக்கு இறங்கிவிடுகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்பம்" என்று மூத்தோர் சொல்வது 27 வயதுக்காரிக்குப் பொருந்தலாம். 37 வயதுக்காரியிடம் அதைச் சொல்வது அவளுடைய பங்கை நாம் செலவழிப்பது போல.

அடுத்த முடிவு, ஒன்று வைப்பதா இரண்டு வைப்பதா என்பது. "ரெட்டைப் பிள்ளை கிடைச்சா ஒரே செலவோட முடியும்" என்று நம்மவர் நினைப்பது இயல்பு. ஆனால் இரட்டைக் கர்ப்பம் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது. குறைமாதப் பிரசவம் அதிகம். சுமார் 2008 வரை பிரித்தானியாவில் ஐ.வி.எஃப். பிரசவங்களில் நான்கில் ஒன்று பல்கர்ப்பமாக இருந்தது. ஒன்றொன்றாக வைக்கும் கொள்கைக்குப் பிறகு 2019இல் அது 6 வீதமளவுக்குக் குறைந்தது. 37 வயதுக்குட்பட்டவருக்கு முதற் சுற்றில் ஒன்றையே வைக்கும்படி நைஸ் சொல்கிறது. முழுச் சுற்றுத் தரும் இடத்தில் ஒன்றொன்றாக வைப்பதால் நட்டமுமில்லை, மற்றவை உறைந்து காத்திருக்கும். இரண்டு தடவைதான் என்ற பிரதேசத்தில்தான் தம்பதி தடுமாறுகிறார்கள். அங்கும் உடல்நலமே முதலில்.

நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் ஒரு விதியும் இருக்கிறது. பல சபைகள், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு முந்திய திருமணத்தில் பிள்ளை இருந்தாலே காசு தர மறுக்கின்றன. மனைவி மௌத்தான பின்னோ தலாக்கின் பின்னோ மறுமணம் செய்த ஒருவரின் புது மனைவி, தான் ஒரு பிள்ளையும் பெறாமலே தகுதி இழக்கிறாள். ஸ்கொட்லாந்தில் இந்த விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. அங்கே இருவரில் ஒருவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம்.

மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை அடிப்படை தெளிவானது. 1980இல் எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் ஜாதுல் ஹக் அளித்த பத்வாவும், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் தீர்மானமும், கணவனின் விந்தும் மனைவியின் சூலும் அதே மனைவியின் கருப்பையில் சேர்வதைத் தேவைக்கு அனுமதித்தன. மூன்றாம் ஆள் எந்த வடிவில் வந்தாலும் கூடாது. நஸப் கலந்துவிடக் கூடாது என்பதே இதன் காரணம்.

ஆனால் 1990இல் அதே அகடமி இன்னொன்றும் சொன்னது: வைக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சூல்களைக் கருக்கட்ட வேண்டும், மிச்சம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் சுற்றுக் கணக்கும் பிக்ஹும் மோதுகின்றன. குறைவாகக் கருக்கட்டினால் அந்த ஒரு சுற்றுக்குள் வாய்ப்பும் குறையும். நிக்காஹ் நிலைத்திருக்கும் காலத்தில் அதே தம்பதியின் பாவனைக்கென உறையவைப்பதை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் ஆலிம்களும் உள்ளனர். எகிப்தின் தாருல் இப்தா அவ்வாறு கூறியிருக்கிறது. இருப்பதையெல்லாம் பாவித்து முடித்த பிறகே அடுத்தது என்ற முழுச் சுற்று விதி, மிச்சம் விடாதே என்ற அகடமியின் கவலைக்குத் தூரமானதல்ல என்றே எனக்குப் படுகிறது. எப்படியானாலும், ஆலிமிடம் கேட்பது ஊசி தொடங்கும் முன் நடக்க வேண்டும். எத்தனை கருக்கட்ட வேண்டும் என்பதை ஆய்வுகூடத்துக்கு முற்கூட்டியே சொல்லலாம்.

சம்மதப் படிவத்தையும் அவசரத்தில் ஒப்பமிடக் கூடாது. ஒருவர் இறந்தால் உறைந்த முளையத்தை என்ன செய்வது, மிஞ்சியதை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். மௌத்தோடும் தலாக்கோடும் நிக்காஹ் முடிகிறது, அதற்குப் பின் பாவிக்க வழியில்லை என்பதே பரவலான தீர்ப்பு. அந்தக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் ஒரே பதிலை விளங்கி எழுத வேண்டும். முளையம் பாவிக்கப்படும்வரை சம்மதத்தை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது? அரசின் கணக்கு முடிந்ததும் நகையை விற்று, காணியை ஈடு வைத்து இன்னுமொன்று, இன்னுமொன்று என்று போகும் குடும்பங்கள் உண்டு. எத்தனை சுற்று, எவ்வளவு காசு என்ற எல்லையைத் தொடங்கும் முன்பே இருவரும் கதைத்து வைப்பது நல்லது. தோற்ற நாளின் அழுகையில் எடுக்கும் முடிவு சரியாக அமைவது அரிது. ஊசி ஏறுவது மனைவியின் உடலில். குறை கணவனிடம் இருந்தாலும் சிகிச்சை அவளுக்குத்தான். ஆகவே "போதும்" என்று சொல்லும் உரிமை முதலில் அவளுடையது. இங்கிருந்து போன் எடுக்கும் நாம் "இன்னும் ஒண்டும் இல்லையா மகள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்கட பக்கத்து விதி என்ன சொல்லுது, வாசிச்சீங்களா?" என்று கேட்டால் அது அவளுக்கு உதவியாக இருக்கும்.