லென்சிக்கும் கால்ட்டனுக்கும் நடுவே 28 ஆண்டுகள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்ட்டன் என்றொரு பகுதி. நகர மையத்திலிருந்து கிழக்கே நடந்தே போய்விடலாம். வார இறுதிகளில் பாரஸ் சந்தை கூடும் இடம். அதே நகரில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் லென்சி வந்துவிடும். அங்கே தோட்டம் வைத்த வீடுகளும் அமைதியான தெருக்களும். 2008-ல் உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கால்ட்டன் ஆண்களின் சராசரி ஆயுள் 54 ஆண்டுகள் என்றும், லென்சி ஆண்களுக்கு 82 என்றும் அதில் இருந்தது. அதே அறிக்கையில் இந்திய ஆண்களுக்கான எண் 62. பணக்கார நாடொன்றின் பெரிய நகரத்தில் வாழ்ந்த கால்ட்டன் ஆண்கள், சராசரி இந்திய ஆணைவிட எட்டு ஆண்டுகள் முன்பாகவே இறந்துகொண்டிருந்தார்கள்.

நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்து நர்ஸிங் படித்தவள் நான். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில், ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தேன். பிரஷர், சுகர், மூச்சிறைப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது என் பொறுப்பு. அந்த 54 எப்படி உருவாகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வோம். சராசரி ஆயுள் 54 என்றால் எல்லோரும் 54 வயதில் இறந்தார்கள் என்று பொருளல்ல. எழுபதைத் தாண்டியவர்களும் அங்கே உண்டு. ஆனால் முப்பதிலும் நாற்பதிலும் நிறையப் பேர் போய்விட்டால் சராசரி சரிந்துவிடும். வீடற்ற ஆண்கள் தங்கும் விடுதிகள் கால்ட்டனில் இருந்ததால்தான் எண் இவ்வளவு குறைந்தது என்று சிலர் ஆட்சேபித்தார்கள். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே? அவர்களை ஏன் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்?

இலவச மருத்துவம் இருந்துமா?

ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் இதைத்தான் கேட்பார்கள். ஆமாம், அங்கே டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காசு இல்லை. 2011 ஏப்ரல் முதல் ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசு இல்லை. இருந்தும் சாகிறார்கள். ஏனென்றால் ஒருவருடைய வாழ்க்கையில் மருத்துவம் நுழைவது கடைசிக் கட்டத்தில். நோய் அதற்கு வெகு முன்பே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஐம்பதைத் தொடாத ஒருவர் மூச்சிறைப்புக்காக என்னிடம் வருவார். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். "இன்ஹேலரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். "எடுக்கிறேன் ஹென். அந்தச் சுவரை என்ன பண்றது?" என்றார். ஹென் என்பது கிளாஸ்கோக்காரர்கள் பெண்களை அன்போடு கூப்பிடும் சொல். அவர் படுக்கைக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க ஈரம், கறுப்புப் பூஞ்சை. நாங்கள் மருந்து கொடுத்து மூச்சுக் குழாயைத் திறந்துவிடுவோம். அவர் திரும்பவும் அதே அறைக்குப் போய் அதே பூஞ்சையைச் சுவாசிப்பார்.

பல வீடுகளில் கேஸுக்கும் கரண்டுக்கும் முன்பணம் கட்டும் மீட்டர்தான். கடைக்குப் போய்ப் பணம் ஏற்றினால்தான் ஹீட்டர் எரியும். ஜனவரிக் குளிரில் பலர் ஹீட்டரா, ராத்திரிச் சாப்பாடா என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இன்சுலின் போடுபவர்கள், அரசு உதவித்தொகை வருவதற்கு முந்தைய நாட்களில் சுகர் இறங்கித் தள்ளாடி வருவார்கள். ஊசி போட்டிருப்பார்கள், சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இவர்களிடம் காய்கறி நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அச்சிட்ட தாளை நீட்ட எனக்குக் கை வராது.

ஸ்காட்லாந்தில் 17 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2012-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று நாள்பட்ட நோய்கள் சேர்ந்துகொள்ளும் நிலை, மிக வறிய பகுதிகளில் வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது என்று அது காட்டியது. என் நோயாளிகளின் கோப்புகளில் நான் பார்த்ததும் இதுதான். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அறுபது வயது உடம்பு.

அப்படிப்பட்டவருக்கும் டாக்டர் ஒதுக்க முடிவது பத்து நிமிடம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமான கிளின்கோரக்கில் வேலை பார்த்த மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-லேயே இதை ஒரு விதியாக எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர் கண்டது. ஸ்காட்லாந்தின் மிக வறிய 100 கிளினிக்குகளின் மருத்துவர்கள் 2009-ல் ஒன்றுகூடிக் கேட்டதும் இதையே: எங்கள் நோயாளிகளுக்குச் சுமை அதிகம், அதற்கேற்ற நேரமும் ஆட்களும் கொடுங்கள்.

"குடித்தே செத்தான்"

கால்ட்டனைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்ற பதில் தயாராக வரும். குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் 1967-ல் லண்டனில் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வைப் பாருங்கள். அரசு ஊழியர்களான ஆண்கள் சுமார் 18,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாருமில்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் ஆயுளும் ஒரு படி இறங்கியது. இதை ஆராய்ந்த மைக்கேல் மார்மட்தான் பின்னாளில் 2008 அறிக்கை தந்த ஆணையத்தின் தலைவர். நம் அமர்த்தியா சென்னும் அதில் உறுப்பினர்.

தன் வேலையிலும் வாழ்விலும் எதுவும் தன் கையில் இல்லை என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால், உடம்பு ஓயாத பதற்றத்திலேயே இருக்கும். ரத்தக் குழாயும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். அந்தப் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் அடக்க, மிகச் சுலபமாகக் கிடைப்பது சிகரெட்டும் மதுவும்.

அந்த நிலை கால்ட்டனுக்கு எப்படி வந்தது? கிளாஸ்கோ ஒரு காலத்தில் கப்பல் கட்டிய ஊர். இந்திய ரயில் பாதைகளில் ஓடிய நீராவி எஞ்சின்களில் எத்தனையோ அங்கே செய்தவை. அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. நகரின் பார்க்ஹெட் பகுதியில் பெரிய இரும்பு உலை இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் சென்டர். அப்பா செய்த வேலை மகனுக்கு இல்லை, பேரனுக்கு வேறெதுவும் வரவில்லை. லிவர்பூலும் மான்செஸ்டரும் இதே போல நொடிந்த ஊர்கள்தான். ஆனால் வறுமை ஒரே அளவாக இருந்தும் கிளாஸ்கோவில் 65 வயதுக்குள் நிகழும் மரணங்கள் அவற்றைவிட 30 சதவீதம் அதிகம் என்று 2010-ல் ஓர் ஆய்வு கண்டது. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் பழைய அரசு முடிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஈஸ்ட் கில்பிரைடு, கம்பர்னால்ட் போன்ற புதிய நகரங்களுக்குத் தொழில்களையும், திறமையுள்ள இளம் குடும்பங்களையும் அரசு அழைத்துப் போனது. வயதானவர்களும் வறியவர்களும் பழைய நகரத்தில் மிஞ்சினார்கள்.

அரசின் முடிவு கெடுத்ததை அரசின் முடிவு திருத்தவும் முடியும். மலிவு மது கூடாது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2012-ல் குறைந்தபட்ச விலைச் சட்டம் இயற்றியது. விஸ்கித் தயாரிப்பாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2018 மே 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முழுக்க மதுவால் நேரும் மரணங்கள் எதிர்பார்த்த அளவைவிட 13 சதவீதத்துக்கு மேல் குறைந்தன என 2023-ல் ஆய்வு வந்தது. ஏழைப் பகுதிகளில்தான் அதிகம் குறைந்தன. 2021-லிருந்து வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு வாராந்திரத் தொகையும் தருகிறார்கள்.

கையில் அதிகப் பணமில்லாத அரசுகளும் இதைச் செய்திருக்கின்றன. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்பதற்கு உதாரணமாக 1985-லேயே உலகம் எடுத்துக்காட்டிய இடங்களில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கேரளமும் இலங்கையும் உண்டு. பெண் கல்வியும், எல்லோருக்கும் எட்டும் ஆரம்ப சுகாதார வசதியும், ரேஷன் அரிசியும் அங்கே ஆயுளைக் கூட்டின.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் யாராவது நாற்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தால், "குடித்தே செத்தான்" என்றோ "தலையெழுத்து" என்றோ பேச்சை முடித்துவிடாதீர்கள். அவர் எந்த வீட்டில் இருந்தார், என்ன வேலை செய்தார், அந்த வேலை எப்போது போனது, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் அதையே கேளுங்கள்.