உஷார்! மலைக்குப் போய்வந்த பின் காய்ச்சலா? உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள்!

மலையேறிவிட்டு வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கிறதா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடாதீர்கள். தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். முப்பத்திரண்டு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். பழைய கல், பழைய கோயில் என்றால் அவளுக்கு உயிர். மழை விட்டிருந்த ஒரு கார்த்திகையில் தோழிகளோடு பழனிமலையின் கீழ்மலைப் பக்கம், தாண்டிக்குடிக்குப் போனாள். கற்திட்டைகளைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள் அவை. பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி 1928-லேயே ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூலைத் தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடம். காப்பித் தோட்டத்து நிழலில் நடந்து போய் அதைப் பார்ப்பது பெரிய பாக்கியம்தான். நான் போகாதே என்று சொல்லவில்லை.

அட்டைக்கு எல்லோரும் பயந்தார்கள். உப்பும் மூக்குப்பொடியும் கையோடு கொண்டுபோனார்கள். அட்டையைத்தான் குனிந்து குனிந்து தேடினார்கள். ஆனால் மூடுகல்லுக்கு அடியில் உள்ளதைப் படமெடுக்க அவள் புல்லில் குப்புறப் படுத்தாள். அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டார்கள். எதுவும் கடித்ததாக அவளுக்குத் தெரியவே இல்லை.

திரும்பி வந்த பதினோராம் நாள் காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி. மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே மூன்று நாளை ஓட்டினாள். பிறகு ரத்தப் பரிசோதனை. தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்குமோ என்றார்கள். டெங்கு இல்லை. காய்ச்சல் தொடங்கிய ஏழாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உடை மாற்றிவிட்ட நர்ஸம்மாதான் அதைக் கண்டார். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். வலி இல்லை, அரிப்பும் இல்லை. “ஏம்மா, காடு மலைன்னு எங்கயாவது போயிருந்தீங்களா?”

அந்த ஒரு கேள்விதான் அவளைக் காப்பாற்றியது. அதற்குள் நுரையீரல் பாதிக்கப்பட்டு, ஐந்து நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள்.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். ஆனால் இதைப் பரப்புவது மாட்டில் ஒட்டியிருக்குமே, அந்த உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரின் குஞ்சு. உப்புக் கல்லைவிடச் சின்னது. கண்ணில் படாது. கடித்தால் வலிக்காது. உடையின் இறுக்கமான இடம் வரை ஊர்ந்து போய்க் கடிக்கும். கிருமி உள்ளே போய் ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் மலைக்குப் போனதையே நாம் மறந்திருப்போம். அதுதான் ஆபத்து!

எப்போது பயப்பட வேண்டும்? மூன்று வாரத்துக்குள் மலை, தோட்டம், புதர்க்காடு என்று எங்காவது போயிருந்து, விடாத காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்தால். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு, காதுக்குப் பின்னால் கறுப்புப் பொருக்கு தெரிந்தால். பொருக்கு எல்லோருக்கும் வராது, அதனால் அது இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது... இதில் ஒன்று வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்!

இன்னொன்றையும் கேளுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இதற்கென்று உள்ள மருந்து பழசு, விலையும் மலிவு. சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். மருந்தை டாக்டர்தான் தர வேண்டும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தடுப்பூசி கிடையாது.

போகும்போது முழுக்கால் பேண்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டி தடவுங்கள். விரிப்பு இல்லாமல் புல்லில் உட்காரவே கூடாது. கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடாதீர்கள். திரும்பி வந்த அன்றே, எவ்வளவு அலுப்பானாலும், சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளியுங்கள். உடைகளை வெந்நீரில் அலசுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால் நீங்களே தேய்த்து விடுங்கள், அப்போதே அக்குளையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

மலைக்குப் போவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்றால்? அப்போது பயமே வேறு, காட்டுத்தீ. புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயை மறந்துவிட்டோமா? அந்தத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஏறி ஓடுகிறவர் அதை ஜெயிக்க முடியாது. வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். “பழக்கமான ரூட்டுதான்” என்று எத்தனை பேர் சொன்னாலும் போகாதீர்கள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாடிப்படி ஏறவே இரண்டு மாதம் சிரமப்பட்டாள். முதலில் பார்த்த டாக்டரிடம் மலைக்குப் போனதைச் சொன்னாயா என்று கேட்டேன். “அவர் கேட்கலை, எனக்கும் தோணலை” என்றாள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்: “இன்ன தேதியில் இன்ன மலைக்குப் போயிருந்தேன். ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா, பாருங்கள்.”