உங்களுக்குத் தெரியுமா? பொருளாதார வாத்தியார் துணைவேந்தர் ஆனார்

● 1970களின் நடுவில் பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது 1982இல்தான். அதுவரை நம்மூர் கல்லூரிகளின் கேள்வித்தாளும் மதிப்பெண் பட்டியலும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்திலிருந்துதான் வந்து சேர வேண்டும். 1975 முதல் 1978 வரை அந்தச் சேப்பாக்கத்துத் துணைவேந்தர் நாற்காலியில் இருந்தவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பெயர் மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷையா.

● வேலூரில் பிறந்தவர். தேதி 1910 ஏப்ரல் 18. பொள்ளாச்சிக்காரர்களுக்கு அந்த வருஷம் பரிச்சயமானது. செங்குட்டைப்பாளையத்தில் சி.சுப்பிரமணியம் பிறந்ததும் 1910தான், ஜனவரி 30ஆம் தேதி. ஆக, நம்மூர் சி.எஸ். 78 நாள் மூத்தவர். ஒருவர் இயற்பியல் படித்து, சட்டம் படித்து, அரசியலுக்குப் போனார். இன்னொருவர் பொருளாதாரம் படித்து வகுப்பறைக்குப் போனார். 1975இல் சி.எஸ். டில்லியில் நிதியமைச்சர், ஆதிசேஷையா சென்னையில் துணைவேந்தர்.

● ஆசிரியர் வேலையை அவர் தொடங்கிய இடம் கல்கத்தா. 1930இல் செயின்ட் பால் கல்லூரியில் சேர்ந்து ஆறு வருஷம் பாடம் நடத்தினார். அதன்பின் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம். திரும்பி வந்ததும் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1940 முதல் 1946 வரை பொருளாதாரப் பேராசிரியர்.

● அந்தத் தாம்பரம் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் கே.என்.ராஜ். திருச்சூர்ப் பக்கத்துப் பையன். வாத்தியார் படித்த அதே லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய் முனைவரானார். இருபத்தாறு வயதில், இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் முன்னுரை அத்தியாயத்தை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1969இல் டில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வாத்தியாருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதற்கும் ஆறு வருஷம் கழித்துத்தான்! இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 1971இல் மாணவர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்குகிறார். அதே 1971இல் வாத்தியார் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்குகிறார். இரண்டும் இன்றைக்கும் இயங்குகின்றன.

● தாம்பரத்துக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவில் ஆதிசேஷையா போய்வந்த தூரம் கொஞ்சமல்ல. 1946இல் ஜெனீவாவில் உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பு. 1948இல் பாரிஸில் யுனெஸ்கோ. தொழில்நுட்ப உதவித் துறையின் தலைவர், உதவித் தலைமை இயக்குநர் என்று ஏறி, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநர். அதாவது அந்த உலக அமைப்பில் இரண்டாவது நாற்காலி. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்று, பள்ளிக்கூடம் கட்டப் பணமும் ஆளும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கல்விக்குப் போடும் பணம் செலவா, முதலீடா என்ற கேள்வியைப் பாடப்புத்தகத்தில் படிப்பது ஒன்று. நாடு நாடாகத் திட்டம் போட்டுப் பார்ப்பது வேறு. இரண்டாவது வாய்ப்பு கிடைத்த பொருளாதார வாத்தியார்கள் உலகத்திலேயே சிலர்தான்.

● 'யுனெஸ்கோ கூரியர்' தமிழில் வரத் தொடங்கியது 1967இல். ஆதிசேஷையா துணைத் தலைமை இயக்குநராக இருந்த காலம். மணவை முஸ்தபா நீண்ட காலம் அதன் ஆசிரியர். ஊர் நூலகத்தில் புரட்டிய ஞாபகம் உள்ளவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

● ஓய்வு பெற்றுத் திரும்பும் பெரிய அதிகாரிகள் சாதாரணமாக என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆதிசேஷையாவும் மனைவி எலிசபெத்தும் தங்கள் சேமிப்பைப் போட்டு அடையாறு காந்தி நகரில் தொடங்கியதுதான் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 1977இல் மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழக அரசும் கைகொடுக்க, அது தேசிய நிலை நிறுவனமானது. துணைவேந்தர் பதவி மூன்று வருஷம். இந்த நிறுவனம் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அவருடைய வாழ்க்கையில் எது பெரிய காரியம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

● அந்த நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர்களில் ஒருவர் பொருளாதாரப் பேராசிரியர் எஸ்.நீலகண்டன். கரூர் நகரத்தையும் செட்டிபாளையம் கிராமத்தையும் வைத்து அவர் எழுதிய 'ஒரு நகரமும் ஒரு கிராமமும்', கொங்குப் பகுதியின் சமூக மாற்றங்களைச் சொல்லும் புத்தகம். அதுவும் தமிழிலேயே. பொருளாதாரம் என்றால் வரைபடமும் சூத்திரமும்தான் என்று பயந்து ஓடுகிறவர்கள் முதலில் இதைப் படிக்கலாம்.

● பி.யூ.சி. என்ற மூன்றெழுத்து எப்போது காணாமல் போனது? தமிழ்நாட்டில் 1978இல். கல்லூரியில் இருந்த அந்த ஒரு வருஷம் எடுபட்டு, பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தன. அதே 1978இல்தான் மேல்நிலைக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த தேசியக் குழு அறிக்கை கொடுத்தது. குழுவின் தலைவர் ஆதிசேஷையா. பிளஸ் டூ படிப்பவர்கள் எல்லாரையும் பட்டப்படிப்புக்கே தள்ளாமல், ஒரு பகுதியினர் தொழில் கற்றுக்கொண்டு வெளியே வர வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். தொழிற்கல்விப் பிரிவை நம் பள்ளிகள் பிற்பாடு எப்படி நடத்தின என்பது தனிக்கதை. 'மார்க் குறைஞ்சவனுக்கு ஒகேஷனல் குரூப்' என்று பேர் வாங்கிக்கொடுத்தது நாமே. அறிக்கையில் அப்படி எழுதவில்லை.

● நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஒன்று. ஆண்டு 1978, ஆதிசேஷையாவின் துணைவேந்தர் பதவி முடிந்த அதே ஆண்டு. யோசனையைச் சொன்னது 1964–66இன் கோத்தாரிக் குழு. ஏட்டில் இருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்வது இன்று சாதாரணம்; அன்றைக்கு அது பல்கலைக்கழகம் தன் கையிலிருந்த சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

● ஆதிசேஷையாவுக்கு அடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர் யார் தெரியுமா? கோவை ஜி.ஆர்.தாமோதரன். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர். 'கலைக்கதிர்' அறிவியல் இதழைத் தொடங்கியவர். இன்னொன்றும் உண்டு: 1952இல் முதல் மக்களவைக்குப் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து போனவரும் அவரே. அவர் பொறியாளர், பொருளாதாரக்காரர் இல்லை. ஆனாலும் பொள்ளாச்சிப் பத்தியில் இதை விட்டால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

● துணைவேந்தர் பதவியும் பொருளாதாரமும் சேர்ந்த கோவைக்காரர் ஒருவர் அதற்கு முன்பே உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்த ஆர்.கே.சண்முகம் செட்டியார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சட்டம் படித்தவர், வாத்தியார் வேலை பார்த்தவரில்லை. ஆனால் சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியிருக்கிறார். பட்ஜெட் போட்ட கையால் சிலம்புக்கு உரை எழுதிய வேறு நிதியமைச்சரை நான் கேள்விப்பட்டதில்லை.

● பொருளாதார வகுப்பறையிலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்குப் போனவர்கள் உலகத்திலும் உண்டு. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆர்தர் லூயிஸ், 1979இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஹார்வர்டு தலைவராக 2001 முதல் 2006 வரை இருந்த லாரன்ஸ் சம்மர்ஸும் பொருளாதாரப் பேராசிரியர்தான்.

● ஆதிசேஷையாவுக்குப் பத்ம பூஷண் 1976இல். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். மறைந்தது 1994 நவம்பர் 21. எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ அவர் பெயரில் ஒரு சர்வதேசப் பரிசை வைத்தது.

● கடைசியாக, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1915இல் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே என்று அவர்கள் எழுதிவந்தது 1918இல் புத்தகமானது. அந்தக் கிராமங்களுக்கே 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் ஆட்களை அனுப்பி மறுபடி கணக்கெடுத்தார்கள். அவற்றில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு, ஆதிசேஷையா தொடங்கிய நிறுவனத்தின் எஸ்.குகன் 1980களின் தொடக்கத்தில் போனார். பின்னாளிலும் ஆய்வாளர்கள் போனார்கள். நூறு வருஷத்துக் கதை ஒரே கிராமத்தில் கிடைக்கிறது. பொள்ளாச்சியில் பொருளாதாரம் படிக்கும் தம்பி, தங்கைகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்த் தோப்புக்கும் கயிறு ஆலைக்கும் மாட்டுச் சந்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வாருங்கள். தேங்காய் என்ன விலைக்குப் போகிறது, மரம் ஏறுகிறவருக்கு என்ன கூலி, குத்தகைக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.