வாயில்லா ஜீவனுக்கு விடை கொடுத்தல்

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால் பத்து நாள், பதினாறு நாள் என்று நமக்குக் கணக்கு இருக்கிறது. யார் வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் வழிவழியாக வந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் நம் வாசலில் கிடந்த நாய் செத்துப்போனால்? அலுவலகத்தில் விடுப்புக் கேட்கக்கூட நாக்கு எழுவதில்லை. "நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் போன பிறகுதான் நமக்கு அழுகை வருகிறது.

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது நாய் வளர்க்கிறார்கள். நாயின் ஆயுள் நம் ஆயுளைவிடச் சிறியது. ஆகவே பிரியும் நாள் என்று ஒன்று அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் வரும். அதற்குச் சிறிது முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ள உதவும் என்ற நோக்கத்தில், எங்கள் வீட்டில் நடந்ததையும் அதில் நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வெதுருகுப்பம். 'வெதுரு' என்றால் தெலுங்கில் மூங்கில். மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருக்கும் பகுதி. நான் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்துவிட்டேன். அப்பா காலமான பிறகு அம்மா ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். அவருக்குத் துணையாக இருந்தவன் மணி. யாரும் காசு கொடுத்து வாங்கி வந்த நாய் அல்ல. ஒரு மழைநாளில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் வந்து ஒதுங்கிய செவலைக் குட்டி. அம்மா அவனைத் தமிழில் கொஞ்சுவார், தெலுங்கில் திட்டுவார். இரண்டும் அவனுக்குப் புரியும்.

பன்னிரண்டாம் வயதில் மணி அடிக்கடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். சிறுநீரும் அதிகமாகப் போனது. உடம்பு இளைத்தது. வாயில் ஒருவித துர்நாற்றம். வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அது தவறு. வயது ஒரு நோய் அல்ல. இவை சிறுநீரகக் கோளாறின் அடையாளங்கள். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கெட்ட பிறகே இந்த அறிகுறிகள் வெளியே தெரியும் என்பதால், வயதான நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். வலி என்று நினைத்து நாம் சாப்பிடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அவை கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எங்கள் பக்கத்துக்குத் திருப்பதிதான் பெரிய ஊர். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. 2005-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமாயிற்று. ஆடு மாடுகளுக்காகத்தான் கிராமத்தார் கால்நடை மருத்துவரைத் தேடிப்போவது வழக்கம். ஒரு நாட்டு நாயை ஆட்டோவில் வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோன எங்களைப் பார்த்துத் தெருவே வேடிக்கை பார்த்தது. பரிசோதித்த மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: "இது குணமாகிற கட்டம் இல்லை. சலைன் ஏற்றி, சாப்பாட்டை மாற்றிக் கொஞ்ச நாள் சௌகரியமாக வைத்துக்கொள்ளலாம். ரொம்பக் கஷ்டப்பட்டால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம். அந்த முடிவை நீங்கள்தான் எடுக்கவேண்டும்."

அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. "ஊசி போட்டுக் கொல்றதா? அந்தப் பாவம் யார் தலையில விடியும்? சொர்க்கத்து வாசல்ல நின்னுகிட்டு, நாயை விட்டுட்டு உள்ள வரமாட்டேன்னு சொன்னாரே தருமர்! அவரே விடலை. நான் எப்படி விடுவேன்?"

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் பிரசித்தம். சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் அம்மா. அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வாதம் செய்வதை விட்டுவிட்டு ஒரு கணக்கைச் சொன்னேன். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் வகுத்துக் கொடுத்த முறை அது. வலி இல்லாமல் மூச்சு விடுகிறதா, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, நம்மைக் கண்டால் மகிழ்கிறதா, எழுந்து நடக்கிறதா, கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். மொத்தம் 70-க்கு 35-ஐத் தாண்டினால் வாழ்க்கை சகிக்கும்படி இருக்கிறது, பராமரிப்பைத் தொடரலாம். அதற்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் பேசவேண்டிய நேரம்.

அம்மாவுக்கு மதிப்பெண் எல்லாம் ஒத்துவரவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த முருகன் படக் காலண்டரில், மணி நன்றாக இருந்த நாளில் ஒரு கோடு போடுவார். முதல் மாதம் முழுக்கக் கோடுகள். அடுத்த மாதம் இடையிடையே வெற்றுக் கட்டங்கள். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். "நாலு நாளாக் கோடு போடலைப்பா. தண்ணிகூட இறங்கலை. நீ வந்துடு."

அலுவலகத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வேலை காத்திருந்திருக்கும். வலி காத்திருக்கவில்லை.

என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் அந்த நேரத்தில் வெளியே போய்விடுகிறார்கள். ஆகவே விவரமாகவே சொல்கிறேன். முதலில் மயக்க ஊசி போட்டு அமைதிப்படுத்துவார்கள். பிறகு மயக்க மருந்தையே மிகுந்த அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். சில வினாடிகளில் நினைவு போய்விடும். அதன் பிறகு வலி தெரியாது. சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண்கள் மூடாமல் திறந்தே இருக்கலாம். உயிர் போன பிறகும் உடம்பு ஒருமுறை துடிக்கலாம், மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், சிறுநீர் கழியலாம். இவை தசைகளின் அசைவுகள். துன்பத்தின் அடையாளம் அல்ல.

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நான் வெளியே போகலாமா என்று தயங்கினேன். அம்மா மணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். அன்று தெலுங்கு வரவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "விடமாட்டேன்னு தருமர் சொன்னதுக்கு இதுதாம்ப்பா அர்த்தம். கடைசி வரைக்கும் கூட நின்னோமில்ல?"

நான் பதில் தெரியாமல் விட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

மாந்தோப்பின் ஓரத்தில், கிணற்றுக்குத் தூரமாக, நான்கு அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தோம். இந்த ஆழம் முக்கியம். ஊசி மருந்து உடலில் நெடுநாள் தங்கும். மேலாகப் புதைத்தால் நரியோ வேறு நாயோ தோண்டித் தின்று அதுவும் சாகக்கூடும். நகரத்தில் இடம் இல்லாதவர்கள் உடலைக் குப்பையிலோ ஏரியிலோ போடக்கூடாது. பெருநகரங்களில் செல்லப் பிராணிகளுக்கென்றே தகன மேடைகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். துக்கத்தின் நடுவே அலைவது மிகவும் கொடுமை.

அம்மா குழியின் மேல் ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவினார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நாய்க்குக் கல்லா அத்தை?" அப்போது எனக்கு எங்கோ படித்த இரண்டு கற்கள் நினைவுக்கு வந்தன. இருவருக்கும் சொன்னேன்.

ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. அந்த வட்டாரத்தில் அன்று வாழ்ந்த எத்தனையோ பேருடைய பெயர் மறைந்துவிட்டது. நாயின் பெயர் நிற்கிறது.

மற்றொன்று, கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல். கி.பி. 949-50-ஐச் சேர்ந்தது. சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்ட தக்கோலப் போரைக் குறிப்பிடும் கல் என்று சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அதே கல்லில் ஒரு நாயின் கதையும் இருக்கிறது. மணலேரன் என்ற வீரனை மெச்சிய அரசன், என்ன வேண்டும் கேள் என்றபோது, அவன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு போராடி, அதைக் கொன்று தானும் மாண்டது. அதன் நினைவாகக் கோயில் முன்னால் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். இப்போது அந்தக் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்கு உரியது.

அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் ஒண்ணும் புதுசாச் செய்யலை" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் தன் வீட்டுச் செம்பருத்தியில் இரண்டு பறித்துவந்து அந்தக் கல்லின் மேல் வைத்தார்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. "மணி எங்கோ ஓடிப்போய்விட்டான்" என்று பொய் சொல்லாதீர்கள். அவன் தங்களை வேண்டாமென்று போய்விட்டதாக எண்ணிக் குழந்தைகள் ஏங்குவார்கள். "தூங்க வைத்துவிட்டோம்" என்றும் சொல்லவேண்டாம். இரவில் படுக்கவே பயப்படுவார்கள். செத்துப்போய்விட்டான், இனி வரமாட்டான், அவனுக்கு இப்போது வலி இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாமும் அவர்கள் எதிரில் அழலாம், தவறில்லை. என் மகள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது முதல் வேலையாகத் தோப்புக்குப் போய் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அதுவே பெரிய ஆறுதல்.

உடனே வேறொரு குட்டியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவசரப்படாதே. வர்றது தானா வரும்" என்றார். முருகன் படக் காலண்டர் ஆண்டு முடிந்தும் சுவரிலேயே தொங்குகிறது. அதை எடுக்க நான் சொல்லவில்லை.

வாயில்லா ஜீவன் நம்மிடம் கேட்பது மிகவும் குறைவு. கோவிவன் தன் எஜமானுக்குப் பக்கத்தில் நின்றான். நம் வீட்டு நாயும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் கடைசி அரைமணி நேரம் நாம் அதன் பக்கத்தில் இருப்போம்.